கப்ளரும் பழைய சிடியும்: ஸ்பாட்டிங் ஸ்கோப்புக்கு ஒரு கைப்பேசி அடாப்டர்

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி. பைனாகுலர் எட்டு, பத்து மடங்கோடு நின்றுவிடும். இது 20 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும். கை நடுக்கமும் அதே அளவுக்குப் பெருகும் என்பதால் முக்காலியில் ஏற்றாமல் இதைப் பயன்படுத்த முடியாது. கோடியக்கரை உப்பளங்களிலும் பழவேற்காட்டுச் சேற்றிலும் பள்ளிக்கரணைச் சதுப்பிலும் குளிர்காலத்தில் வந்திறங்கும் உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் எண்ணுகிறவர்களுக்கு இது இல்லாமல் ஆகாது. அந்தப் பறவைகள் ஆளைக் கிட்டே விடுவதில்லை. இரண்டடி கூடுதலாக வைத்தால் கூட்டமே எழுந்து போய்விடும்.

ஸ்கோப்பில் தெரிவதைப் படமாக்க எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கும் கைப்பேசியே போதும். கண் வைக்கும் இடத்தில் அதன் கேமராவை வைத்தால் படம் விழும். வெறும் கையால் வைத்துப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பது தெரியும்: திரையில் ஒரு வெளிச்ச வட்டம் தோன்றும், வழுக்கும், பிறையாகும், மறையும், மறுபடி அகப்படுவதற்குள் பறவை இடம் மாறியிருக்கும். கைப்பேசியை உரிய இடத்தில் அசையாமல் நிறுத்தி வைக்கும் சிறு பொருளே அடாப்டர். ஒரு பிவிசி கப்ளர், ஒரு பழைய சிடி, கைப்பேசிக்குப் போடும் கெட்டியான பின்கவர், கொஞ்சம் எம்-சீல், நான்கு சிறு திருகாணிகள் இருந்தால் அதை வீட்டிலேயே செய்துவிடலாம். சாமான்கள் மலிவு என்பதால் வேலையும் தோராயமாக இருக்கலாம் என்று எண்ணுவதில்தான் பெரும்பாலான வீட்டு அடாப்டர்கள் வீணாகின்றன. எதனால் செய்தாலும் சரி, மையம், சாய்வு, தூரம் ஆகிய மூன்றும் மில்லிமீட்டர் கணக்கில் பொருந்த வேண்டும்.

ஸ்கோப்பின் வழியே படமெடுக்கும் இந்த வழக்கத்தின் வயது அதிகமில்லை. 1999-இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ தம் ஸ்கோப்பின் கண்ணருகு வில்லையோடு ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். படம் எதிர்பாராத தெளிவோடு வந்தது. பிரான்சைச் சேர்ந்த அலேன் ஃபோசே இந்த முறைக்கு டிஜிஸ்கோப்பிங் என்று பெயர் வைத்தார். சிறிய கேமரா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய வில்லை கொண்ட பழைய கேமராக்கள் ஸ்கோப்பின் பின்னால் சரியாக உட்காரவில்லை; கண்ணின் பாப்பா அளவே வாய் உள்ள சின்னக் கேமரா உட்கார்ந்தது. கைப்பேசிக் கேமராவின் வாய் இன்னும் சிறியது.

ஏன் அப்படி என்பதற்கு ஸ்கோப்பின் உள்ளே பார்க்க வேண்டும். கெப்ளர் 1611-இல் வெளியிட்ட நூலில் சொன்ன அமைப்புதான் இன்றைய ஸ்கோப்பின் அடிப்படை: முன்னால் ஒரு குவிவில்லை, பின்னால் ஒரு குவிவில்லை. தலைகீழாக விழும் பிம்பத்தை நேராக்க நடுவில் முப்பட்டகங்கள். முன்வில்லை வாங்கிய ஒளி முழுவதும் கண்ணருகு வில்லையைத் தாண்டி, அதற்குச் சற்றுப் பின்னால், காற்றில் ஒரு சிறு வட்டாகக் குறுகுகிறது. பிறகு விரிந்து போய்விடுகிறது. பார்ப்பவரின் கண்பாப்பா அந்த வட்டின்மேல் இருந்தால் முழுக் காட்சியும் தெரியும். கலிலியோ கையாண்ட அமைப்பில் பின்வில்லை குழிவில்லை. அங்கே இந்த வட்டு குழலுக்கு உள்ளேயே அமைந்துவிடும். விளையாட்டுப் பொருளாக விற்கும் மலிவுத் தொலைநோக்கிகள் பல அந்த வகை. அவற்றின் பின்னால் எவ்வளவு நல்ல அடாப்டரைப் பொருத்தினாலும் கைப்பேசிக்கு ஒரு காசளவு வட்டம்தான் கிடைக்கும்.

காற்றில் விழும் அந்த ஒளிவட்டுக்கு ராம்ஸ்டன் வட்டு என்று பெயர். 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் கருவிப் பட்டறை நடத்திய ஜெஸ்ஸி ராம்ஸ்டன் பெயரால் வந்தது. சென்னைக்கு அவர் முற்றிலும் அயலார் அல்லர். 1802-இல் பரங்கிமலை அருகே நில அளவையாளர் வில்லியம் லாம்டன் முதல் அடிக்கோட்டை அளக்கப் பயன்படுத்திய எஃகுச் சங்கிலி ராம்ஸ்டன் செய்ததுதான். இந்தியாவின் பெரு முக்கோண அளவை அந்தக் கோட்டிலிருந்து வளர்ந்தது.

வட்டின் அகலத்தைக் கணக்கிடுவது எளிது. முன்வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் போதும். 65 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்கு வைத்தால் வட்டு 3.25 மி.மீ.; 40 மடங்கில் 1.6, 60 மடங்கில் 1.1 மி.மீ.தான். கைப்பேசியின் முதன்மைக் கேமராவின் துளை பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. அகலம். அந்தத் துளைக்குள் இந்த வட்டு விழ வேண்டும். அரை மில்லிமீட்டர் விலகினாலே ஒரு பக்கம் மங்கத் தொடங்கும். வெறும் கையால் ஏன் முடியாது என்பதற்கு விடை இந்த அரை மில்லிமீட்டரில் இருக்கிறது. அதிகப் பெருக்கத்தில் படம் இருண்டு போவதற்கும் இதுவே காரணம்: 60 மடங்கில் ஒளிவட்டு கேமராத் துளையின் பாதி அகலத்தைத்தான் நிரப்பும், உள்ளே போகும் ஒளி ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகிவிடும்.

வேலை தொடங்குமுன் இரண்டு அளவுகள் எடுத்தாக வேண்டும். முதலாவது, வட்டு எங்கே விழுகிறது என்பது. ஸ்கோப்பை வெளிச்சமான வானத்தை நோக்கி, சூரியன் இருக்கும் பக்கத்தை அறவே தவிர்த்து, திருப்பி வைக்க வேண்டும். கண்ணருகு வில்லைக்குப் பின்னால் ஒரு டிரேசிங் தாளைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் ஒளிப்பொட்டு மிகச் சிறியதாய், விளிம்பு கூர்மையாய் நிற்கும். வில்லையின் கண்ணாடியிலிருந்து அந்த இடம் வரை உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். 15 முதல் 20 மி.மீ. வரை இருப்பது வழக்கம். பெருக்கத்தை மாற்றக்கூடிய ஸ்கோப்பில் இந்தத் தூரமும் மாறும் என்பதால், அதிகம் பயன்படுத்தப்போகும் பெருக்கத்தில், அதாவது 25 அல்லது 30 மடங்கில் வைத்து அளப்பது நல்லது.

இரண்டாவது, கண்ணருகு வில்லையைச் சுற்றியுள்ள கண்குவளையின் வெளி விட்டம். வெர்னியர் இல்லாவிட்டால் பாதகமில்லை. ஒரு காகிதப் பட்டையைக் குவளையைச் சுற்றி இறுக்கி, நுனி சேரும் இடத்தில் குறித்து, நீளத்தை 3.14-ஆல் வகுக்கலாம். பட்டை 151 மி.மீ. வந்தால் விட்டம் 48. அளவெடுப்பது குவளையில்தான் இருக்க வேண்டும். அதற்குக் கீழே உள்ள ஜூம் வளையத்தில் அல்ல. ஜூம் வளையத்தைப் பிடிக்கும் அடாப்டர், பெருக்கத்தை மாற்றும்போதெல்லாம் கைப்பேசியையும் சேர்த்துச் சுழற்றும்.

பிவிசி குழாய்கள் 32, 40, 50, 63 மி.மீ. என்று வெளிவிட்டக் கணக்கில் வருகின்றன. இரண்டு குழாய்த் துண்டுகளை இணைக்கும் கப்ளரின் உள்விட்டம் அதே எண். ஆகவே 48 மி.மீ. குவளைக்கு 50 மி.மீ. கப்ளர் பொருந்தும், சுற்றிலும் ஒரு மி.மீ. இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் ஃபெல்ட் துணியோ தடித்த வெல்வெட்டோ ஒட்டலாம். பலர் சைக்கிள் டியூப் ரப்பரை ஒட்டுகிறார்கள். அது பிடிப்பதென்னவோ நன்றாகப் பிடிக்கும். அடாப்டரைக் கழற்றும்போது குவளையையும் கையோடு பிடுங்கிக்கொண்டு வரும். வழுக்கி ஏறி, லேசாக இறுகி நிற்பதற்குத் துணியே சரி.

பெரும்பாலான கப்ளர்களின் உள்ளே, நடுவில், ஒரு மெல்லிய வரம்பு ஓடும். இரு பக்கக் குழாய்களும் ஒன்றையொன்று தாண்டாமல் நிறுத்துவது அது. இங்கே அதுவே கண்குவளையை நிறுத்தும் படி ஆகிறது. வரம்பிலிருந்து எவ்வளவு நீளம் விட்டு அறுப்பது என்பதில்தான் முதலில் சொன்ன மூன்றில் ஒன்றான தூரம் தீர்மானமாகிறது. ஒரு கணக்கு: கண்ணாடியிலிருந்து ஒளிவட்டு 18 மி.மீ. பின்னால் விழுகிறது, கண்ணாடி குவளையின் விளிம்புக்கு 5 மி.மீ. உள்ளே இருக்கிறது. அப்படியானால் விளிம்பிலிருந்து 13 மி.மீ. கேமராவின் துளை அதன் வெளிக் கண்ணாடிக்கு ஓரிரு மி.மீ. உள்ளே இருப்பதால் இரண்டைக் கழித்தால் 11. அதில் சிடியின் கனம் 1.2, பின்கவரின் கனம் ஏறக்குறைய 1.8. மிச்சம் 8 மி.மீ. வரம்பின் முகத்திலிருந்து அறுத்த விளிம்பு வரை 8 மி.மீ. இருக்கும்படி அறுக்க வேண்டும். ஒரு மி.மீ. கூட்டி அறுத்து, பிறகு தேய்த்துக் குறைப்பது விவேகம். திருகி உயர்த்தும் கண்குவளை உள்ள ஸ்கோப்புகளில், குவளையை ஒரு படி ஏற்றியும் இறக்கியும் கடைசி மில்லிமீட்டரைச் சரிசெய்துகொள்ள முடியும் என்பது ஒரு வசதி.

கப்ளரை நேராக அறுப்பதற்கும் காகிதப் பட்டை உதவும். பட்டையைச் சுற்றி அதன் ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாகப் படியும்படி வைத்தால், அந்த ஓரமே நேர்க்கோடு. அதை ஒட்டிப் பேனாவால் வரைந்து ஹேக்ஸா பிளேடால் அறுக்கலாம். ஒரே மூச்சில் அறுக்காமல், கப்ளரைச் சிறிது சிறிதாக உருட்டிக்கொண்டே கோட்டின்மேல் ஆழப்படுத்தினால் பிளேடு விலகாது. பிறகு உப்புத்தாளை ஒரு தரை ஓட்டின்மேல் விரித்து, அறுத்த முகத்தை அதன்மேல் எட்டு வடிவத்தில் தேய்க்க வேண்டும். இந்தத் தேய்ப்பில் அலட்சியம் கூடாது. கப்ளரின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரு மி.மீ. உயர்ந்தால் கைப்பேசி ஏறக்குறைய ஒரு பாகை சாய்ந்துவிடும்.

பழைய சிடியை இதற்குத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் நடுத்துளை. 15 மி.மீ. அகலமுள்ள, மையம் பிசகாத துளை வேறு எந்த வீட்டுச் சாமானிலும் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. ஒரு குறை உண்டு. சிடியின் பளபளப்புப் பூச்சு அச்சுப் பக்கத்தில், மெல்லிய அரக்குக்கு அடியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் எதை ஒட்டினாலும் சில நாளில் பூச்சோடு உரிந்து வந்துவிடும். ஆகவே அச்சுப் பக்கத்தைக் கத்தியால் கீறி, அகலமான செலோடேப்பை ஒட்டி இழுத்து, பூச்சு முழுவதையும் உரித்துவிட வேண்டும். கையில் மிஞ்சுவது கண்ணாடிபோல் தெளிந்த தட்டு. டிவிடியில் பூச்சு இரண்டு தட்டுகளுக்கு நடுவே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தட்டின் இரு முகங்களையும் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, கவராசத்தால் துளையைச் சுற்றிக் கப்ளரின் வெளிவிட்ட அளவுக்கு ஒரு வட்டம் கீறிக்கொள்ளலாம். கப்ளரை அந்த வட்டத்தின்மேல் நிறுத்தி, வெளிப்புறத்தைச் சுற்றி எம்-சீலை வரப்புபோல் அணைத்துவிட வேண்டும். எம்-சீலின் இரண்டு களிம்பும் ஒரே நிறமாகும்வரை பிசைவது முக்கியம். மறுநாள் வரை அதைத் தொடக்கூடாது. கப்ளருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சிடியைக் கைப்பேசியின் அகலத்துக்கு அறுத்துவிடலாம். கடைசியாகக் கப்ளரின் உட்புறத்துக்கும் தட்டுக்கும் பளபளப்பில்லாத கறுப்புப் பூச்சு. வெள்ளைப் பிவிசியை அப்படியே விட்டால் உள்ளே ஒளி தெறித்துப் படம் முழுவதும் பால் கலந்தது போல் வெளிறிவிடும்.

ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசைகளை இந்த வேலையில் சேர்க்கக் கூடாது. அவை காயும்போது எழும் ஆவி அருகிலுள்ள கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். ஸ்கோப்பின் வில்லையில் அது படிந்தால் அடாப்டரில் மிச்சம் பிடித்த காசு மொத்தமும் அதற்கே போய்விடும். காந்தம் வைத்து ஒட்டும் யோசனையும் நல்லதல்ல. கைப்பேசிக் கேமராவின் உள்ளே நடுக்கத்தைச் சமன்செய்யும் பொறி காந்தத்தால்தான் இயங்குகிறது. பக்கத்தில் இன்னொரு காந்தம் வந்தால் அது குழம்பும்.

பின்கவர் கெட்டியான பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். மெத்தென்ற சிலிக்கான் கவரில் எம்-சீலும் ஒட்டாது, வேறெதுவும் ஒட்டாது. வளைவதால் சாய்வும் நிற்காது. இப்போதைய கைப்பேசிகளில் இரண்டு மூன்று கேமராக்கள் இருப்பதால், எது முதன்மைக் கேமரா என்று முதலில் தெரிய வேண்டும். திரையில் ஒரு மடங்கு என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வில்லையாக விரலால் மூடினால், எதை மூடும்போது திரை கறுக்கிறதோ அதுதான்.

இனிமேல் வருவது முழு வேலையின் உயிர்நிலை. கவரையும் தட்டையும் அளந்து குறித்துப் பொருத்தினால் தவறும். படத்தைப் பார்த்துக்கொண்டே பொருத்த வேண்டும். முக்காலித் தலையைச் சாய்த்து, ஸ்கோப்பின் வாயை வெயில் படும் வெள்ளைச் சுவரையோ வெளிச்சமான தரையையோ நோக்கிக் குனிய வைத்தால் கண்ணருகு வில்லை மேலே பார்த்து நிற்கும். அதில் கப்ளரை ஏற்றி, அதன் தட்டின்மேல் கவர் போட்ட கைப்பேசியைக் கிடத்தி, கேமராவைத் திறக்க வேண்டும். ஜூம் வேண்டாம், திரையில் கட்டக் கோடுகள் தெரியட்டும். கறுப்புப் பின்னணியில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அந்த வட்டமே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

வட்டம் திரையின் நடுவில் இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருந்தால் அது சாய்வின் குற்றம். கைப்பேசியை இடம் வலமாக எவ்வளவு நகர்த்தினாலும் அது தீராது. ஒரு பக்கம் காகிதத் துண்டு கொடுத்து உயர்த்தினால்தான் தீரும். வட்டம் நடுவில் இருக்கிறது, ஆனால் ஒரு விளிம்பு மட்டும் பிறைபோல் கறுத்திருக்கிறது என்றால் மையம் விலகியிருக்கிறது. கைப்பேசியைச் சற்றே நகர்த்த வேண்டும். சுற்றுவட்டம் முழுவதும் ஒரே மாதிரி மங்கிக் கரைந்திருந்தால் தூரம் தவறு. கப்ளரைத் தேய்க்க வேண்டும், அல்லது அட்டை வளையம் கொடுத்து உயர்த்த வேண்டும். இந்த மூன்றையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதால்தான் பலர் மணிக்கணக்கில் நகர்த்தியும் படம் சரியாவதில்லை. விளிம்பு எல்லாப் பக்கமும் கத்தியால் வெட்டியது போல் நின்று, வட்டம் நடுவில் வந்ததும், கவரின் ஓரத்தைத் தட்டின்மேல் மார்க்கரால் கோடிட்டு, கைப்பேசியைக் கழற்றிவிட்டு, கவரை மட்டும் கோட்டில் பொருத்தி நான்கு சிறு திருகாணிகளால் இறுக்கலாம். காகிதத் துண்டு கொடுத்த இடத்தில் அதே கனத்துக்குத் துண்டு வைத்தே இறுக்க வேண்டும். திருகாணித் தலை கவரின் உட்புறம் புடைக்காமல் பதிந்திருப்பதையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது நல்லது.

கைப்பேசியின் எடை இருநூறு கிராம் அளவுக்கு ஸ்கோப்பின் பின்கோடியில் ஏறுகிறது. முக்காலித் தலையில் ஸ்கோப்பைச் சற்று முன்தள்ளிப் பொருத்தினால் சமநிலை வரும். கப்ளரிலிருந்து ஸ்கோப்பின் உடலுக்கு ஒரு ரப்பர் பேண்டு போட்டுவைத்தால், துணி இளகிய நாளில் கைப்பேசி உப்பளத்துச் சேற்றில் விழாது.

இனிப் படமெடுக்கும் முறை. ஜூம் இல்லாமல் வட்டத்தைச் சுற்றிக் கறுப்பு தெரிவது பழுதல்ல. கைப்பேசிக் கேமரா மூலைக்கு மூலை ஏறக்குறைய 80 பாகை பார்க்கிறது. ஸ்கோப்பின் கண்ணருகு வில்லை குறைந்த பெருக்கத்தில் 40, 45 பாகையே காட்டும். கைப்பேசியில் இரண்டு மடங்கு ஜூம் செய்தால் கறுப்பு முழுதும் வெளியே போய்விடும். ஸ்கோப்பின் பெருக்கத்தைக் கூட்டும்போது காட்சி 60 பாகைக்கு அகலும் என்பதால் அங்கே ஒன்றரை மடங்கே போதும். ஆனால் ஜூமைத் தொட்டவுடன் சில கைப்பேசிகள் தாமாகவே வேறு கேமராவுக்குத் தாவும், திரை கறுத்துவிடும். பொருள் பக்கத்தில் இருப்பதாக எண்ணி மேக்ரோவுக்கு மாறும் கைப்பேசிகளும் உண்டு. கேமராவைப் பூட்டி வைக்கும் வசதியும் மேக்ரோவை நிறுத்தும் வசதியும் அமைப்புகளில் இருக்கும். இல்லாவிட்டால் ஜூமே செய்யாமல் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது மேல். ஃபிளாஷ் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

குவியம் இரண்டு இடத்தில் இருக்கிறது: ஸ்கோப்பில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று. ஸ்கோப்பின் சக்கரத்தைத் திருகித் திரையில் பறவை தெளிந்ததும், திரையில் அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்துக் கைப்பேசியின் குவியத்தைப் பூட்டிவிட வேண்டும். பொத்தானைத் தொடும் விரலே படத்தை ஆட்டிவிடும் என்பதால் மூன்று விநாடி டைமர் வைப்பது வழக்கம். கம்பியுள்ள பழைய இயர்போன் இருந்தால் இன்னும் நல்லது. பல கைப்பேசிகளில் அதன் ஒலிக்கூட்டும் பொத்தானே ஷட்டராக வேலை செய்யும்.

இவ்வளவு பாடுபட்டு எடுக்கும் படம் எதற்குப் பயன்படும்? பெரிய லென்ஸ் வைத்து எடுக்கும் படத்தின் அழகு இதில் வராது. அந்தப் போட்டிக்கே இது போகக் கூடாது. இதன் மதிப்பு சாட்சியாக நிற்பதில் இருக்கிறது. கொசு உள்ளானின் கால் கறுப்பு. அதைப் போலவே இருக்கும் டெமிங்க் உள்ளானின் கால் மஞ்சள் சாயல். கலங்கலான படத்திலும் இந்த வேறுபாடு தெரியும். 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பிலும், ஜனவரிதோறும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் அரிதான பறவை ஒன்றைப் பதிவுசெய்பவரிடம் அடுத்துக் கேட்கப்படுவது படம்தான்.

கால்கொடிகளை வாசிப்பது இன்னும் பெரிய பயன். வலசைப் பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் வண்ணக் கொடி மாட்டி, அதில் எழுத்தும் எண்ணும் பொறித்து விடுகிறார்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. ஒரு கொடியை வாசித்துவிட்டால் அந்தத் தனிப் பறவையின் பயணத்தில் ஒரு புள்ளி கூடும். ஆனால் எவ்வளவு தூரத்திலிருந்து வாசிக்கலாம்? எழுத்தின் உயரம் 4 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 12 மெகாபிக்சல் கைப்பேசியில் 20 மடங்கு ஸ்கோப்போடு 100 மீட்டரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 1.7 மி.மீ. அகலத்தை விழுங்கும். எழுத்துக்கு இரண்டு பிக்சல்தான் கிடைக்கும்; கொடியின் நிறம் தெரியும், எழுத்து தெரியாது. 40 மடங்கு வைத்து 50 மீட்டருக்கு வந்தால் ஒரு பிக்சல் 0.4 மி.மீ.; எழுத்துக்குப் பத்து பிக்சல் கிடைக்கும்; வாசித்துவிடலாம். திரையில் விரலால் பெரிதாக்குவதால் இந்தக் கணக்கு மாறாது.

கணக்கு ஒத்துவந்தாலும் காற்று ஒத்துவர வேண்டும். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் உப்பளத்துத் தரை சூடேறிக் கானல் எழும்போது, எந்த விலை ஸ்கோப்பிலும் எழுத்து நீரில் கிடப்பது போல் நெளியும். விடிந்தவுடன் போவதே வழி. படத்துக்குப் பதில் வீடியோ எடுப்பது இன்னொரு வழி. பறவை நடந்து திரும்பும்போது கொடி ஒரு நொடி நேராகத் தெரிந்துவிட்டு மறையும்; கானலும் ஒரு கணம் அடங்கி மறு கணம் எழும். பிறகு வீட்டில் காட்சி காட்சியாக நகர்த்தினால், நெளியாத ஒன்று அகப்படும்.

இரவில் இதே அடாப்டர் நிலவுக்குத் திரும்பலாம். வானில் அரைப் பாகை அகலமுள்ள நிலவு 60 மடங்கில் 30 பாகையாக விரியும். வெயில் பட்ட பாறையின் ஒளி அதற்கு உண்டு. சுற்றியுள்ள இருளைப் பார்த்து ஏமாறும் கைப்பேசி அதை வெறும் வெள்ளைத் தட்டாக்கிவிடும். நிலவின்மேல் விரலை அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுத்தால் பள்ளங்கள் எழுந்து வரும். முழுநிலவைவிட அரைநிலவில் நிழல் நீளம் என்பதால் பள்ளங்கள் நன்றாகத் தெரியும். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் புள்ளிகளாகப் படத்தில் விழும்.

சூரியன் வேறு சமாச்சாரம். 2019 டிசம்பர் 26 அன்று கோவை, கரூர், திண்டுக்கல் வழியாகக் கங்கண கிரகணம் கடந்தபோது பலரும் தொலைநோக்கியைத் தூக்கினார்கள். வடிகட்டி இல்லாத ஸ்கோப்பைச் சூரியன் பக்கம் திருப்பினால் கைப்பேசியின் சென்சார் கணத்தில் பொசுங்கும். அங்கே கண் இருந்தால் கண் போகும். சூரிய வடிகட்டி எப்போதும் ஸ்கோப்பின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். கைப்பேசிக்கும் கண்ணருகு வில்லைக்கும் நடுவே வைக்கும் வடிகட்டி, குவிந்த வெப்பத்தில் விரிசல் விடும். முன்வாய் வடிகட்டி பொருத்தியபின் எல்லோரும் கைப்பேசித் திரையில் பார்ப்பது, ஒவ்வொருவராகக் கண் வைத்துப் பார்ப்பதைவிடப் பாதுகாப்பானது.

கடையில் விற்கும் எல்லாக் கைப்பேசிக்கும் பொருந்தும் பிடிப்பான்களைப் பற்றியும் ஒரு சொல். அவை மோசமில்லை. ஆனால் எதற்கும் பொருந்துவதற்காக எல்லாத் திருகுகளும் நகரும்படி செய்யப்பட்டிருப்பதால், ஒவ்வொரு முறையும் மையத்தைப் புதிதாகத் தேட வேண்டும். ஒரே கைப்பேசி, ஒரே ஸ்கோப் என்று வைத்திருப்பவருக்கு அசையாத வீட்டு அடாப்டரே விரைவு: கவருக்குள் கைப்பேசியை அழுத்தி, கப்ளரைக் குவளையில் ஏற்ற சில விநாடி ஆகும். கைப்பேசி மாறும் நாளில் கவரை மட்டும் மாற்றி, திருகாணித் துளைகளைப் புதிதாகப் போட்டு, வெளிச்ச வட்டத்தை மறுபடி நடுவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். கப்ளரும் சிடித் தட்டும் ஸ்கோப் இருக்கும்வரை அப்படியே பயன்படும்.